மலேரியா ஒழிப்பில் அண்டை நாடுகளின் கூட்டுப் பயிற்சி

மலேரியா என்னும் குளிர்காய்ச்சலின் கொடுமையை நம் கிராமங்களில் எழுபது வயதைக் கடந்த பெரியோர் நன்கு அறிவர். உச்சிப் பொழுதில் நடுக்கம் எடுக்கும். கம்பளிமேல் கம்பளி போர்த்தினாலும் குளிர் அடங்காது. பின்னர் உடல் அனலாய்க் கொதித்து வியர்த்துவிடும். ஒரு நாள் விட்டு மறுநாள் மீண்டும் வந்து சேரும். இன்றைய இளைஞருள் பெரும்பாலோர் இந்நோயைக் கண்டதில்லை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதற்குமாகக் கண்டறியப்படும் நோயாளர் தொகை ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இது நாம் மகிழத்தக்க செய்தியே. எனினும், நோய் அருகிவிட்ட இடத்தில் நோயை அறியும் கண்ணும் அருகிவிடுகிறது. அக்கண்ணை மழுங்காமல் வைத்துக்கொள்வதற்கு ஆசிய நாடுகள் எவ்வாறு ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன என்பதையும், அதில் ஊராட்சி ஒன்றியங்களாகிய நமக்கு உள்ள பங்கினையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்பதற்கான சான்றினை 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர் கண்டறிந்தார். அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசு நோயாளியின் இரத்தத்தைக் குடிக்கும்போது மலேரியாக் கிருமியும் அதன் வயிற்றுள் சென்றுவிடுகிறது. அங்கு அக்கிருமி வளர்ந்து பிறரைத் தொற்றும் நிலையை அடையச் சுமார் 10 முதல் 14 நாட்கள் ஆகின்றன. கிருமிகளுள் விவாக்ஸ் என்னும் வகை மனிதனின் கல்லீரலில் பல மாதங்கள் உறங்கிக் கிடந்து, பின்னர் விழித்தெழுந்து காய்ச்சலைத் தரவல்லது. ஆகவே நல்ல உடல்நலத்துடன் தோன்றும் ஒருவர், தம்மை அறியாமலே நோயைச் சுமந்துகொண்டு மாநிலம் விட்டு மாநிலமும், கடல் கடந்து வேறு நாடும் செல்லக்கூடும்.

இந்நோயை ஆராய்வதில் வெளிநாட்டாரும் நம்மவரும் கூடி உழைப்பது புதிய வழக்கமன்று. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டு, புதிய கால்வாய் வழியே பட்டுக்கோட்டைத் தாலுக்காவிற்குக் காவிரி நீர் பாய்ந்தபோது, வானம் பார்த்த பூமி நன்செய் ஆயிற்று. கூடவே மலேரியாவும் வந்து சேர்ந்தது. ராக்பெல்லர் அறநிலையத்தைச் சேர்ந்த பால் ரஸல் என்னும் அமெரிக்க மருத்துவரும், டி. இராமச்சந்திர ராவ் என்னும் நம் நாட்டு அறிஞரும் அப்பகுதியில் தங்கி ஆராய்ந்தனர். நடவு முடிந்த புது வயலில் கியூலிசிபேசிஸ் என்னும் கொசு முட்டையிடுவதும், பயிர் வளர்ந்து அடர்ந்தபின் அவ்வயலை விட்டுவிடுவதும் எதனால் என்று அவர்கள் வினவினர். பயிரின் நிழலே காரணம் என்று எண்ணத் தோன்றும். அவர்களோ பயிர் போலக் குச்சிகளை நீரில் நெருக்கமாக நிறுத்திச் சோதித்து, நிழலன்று, நிமிர்ந்து நிற்கும் தடையே கொசுவை விலக்குகிறது என்று கண்டனர். பறந்தவாறே நீர்மேல் முட்டையிடும் பழக்கமுடைய அக்கொசுவுக்குக் குச்சிகளிடையே பறக்க இடமில்லை. வயலருகே அமர்ந்து பொறுமையாக நோக்கியதன் பயன் இது. வீடுகளுக்குள் பைரித்திரம் என்னும் பூச்சிமருந்தைத் தெளித்து, வளர்ந்த கொசுக்களைக் கொல்லும் முறையும் அதே வட்டாரத்தில் சோதிக்கப்பட்டது.

இந்தியா விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் நாட்டில் 7½ கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றனர் என்றும், 8 லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. டி.டி.டி. மருந்தின் வலிமையால் 1960-களின் தொடக்கத்தில் நோயாளர் தொகை ஒரு லட்சம் அளவிற்கும் அதற்குக் கீழும் இறங்கியது. வெற்றி கிட்டிவிட்டது என்று அனைவரும் நம்பினர். ஆனால் 1976-ஆம் ஆண்டில் அத்தொகை 64 லட்சமாயிற்று.

இலங்கையின் வரலாறு இதனினும் கூர்மையானது. 1934-இல் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியபோது மூண்ட கொள்ளைநோயில், சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் அத்தீவில் மடிந்தனர். பின்னர் டி.டி.டி. தெளிப்பு முறையாக நடைபெற்றதனால் 1963-ஆம் ஆண்டில் தீவு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே நோய் இருந்தது. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969-இலோ 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நோய் காணப்பட்டது. கொசு டி.டி.டி.க்குப் பழகிவிட்டதும் ஒரு காரணமே. ஆயினும் பதினேழு என்ற எண்ணைக் கண்டு கை ஓய்ந்ததே முதற் காரணம் என்பது நம் கருத்து.

இலங்கையினர் மனந்தளராமல் மீண்டும் முயன்றனர். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளிலும் வடக்கு, கிழக்கு மாவட்டங்களில் மலேரியாப் பணி அடியோடு நின்றுவிடவில்லை. 2012-ஆம் ஆண்டு அக்டோபருக்குப் பின் உள்ளூரிலேயே தோன்றிய நோயாளி எவரும் அங்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அறிவிப்பு வந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே மன்னாரில் ஒரு புதிய விருந்தாளி கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்டீபென்சி என்னும் அக்கொசு இந்திய நகரங்களுக்குப் பழையது; இலங்கைக்குப் புதியது. கிணற்றிலும் சிமெண்டுத் தொட்டியிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் தூய நீரைத் தேடி முட்டையிடும் இயல்புடையது. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிபூட்டி நாட்டில் இக்கொசு 2012-இல் முதன்முதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டு அந்நாட்டில் பதிவான மலேரியா நோயாளர் 27 பேர். 2020-இல் அத்தொகை 70,000-ஐத் தாண்டியது. மன்னாரில் இக்கொசு புகுந்ததை உடனே கண்டறிந்தது, நோயாளியே இல்லாத காலத்திலும் கிணறு கிணறாகச் சென்று புழுக்களைச் சேகரித்து இனம் பிரித்துப் பார்த்த பூச்சியியல் பணியாளர்களின் விழிப்பினால் ஆயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான் உண்டு என்பதை நினைக்குங்கால், இது நமக்கு எட்டிய செய்தியன்று, கிட்டிய செய்தி என்பது விளங்கும். மேலும் 2018 டிசம்பரில், இந்தியாவிலிருந்து வேலைக்குச் சென்ற ஒருவரிடமிருந்து கொசு வழியே இலங்கைவாசி ஒருவருக்கு மொனராகலை மாவட்டத்தில் நோய் தொற்றியது. அது விரைந்து கண்டறியப்பட்டமையால் மேலும் பரவவில்லை.

விரைந்து கண்டறிதல் என்பது சொல்லுக்கு எளிது. நோயாளியின் விரல்நுனி இரத்தத்தைச் சிலைடு எனப்படும் கண்ணாடித் தகட்டில் தடித்தும் மெல்லியதாகவும் தடவி, ஜீம்சாச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் குறைந்தது 100 பார்வைப் புலங்களை ஆராய்ந்த பின்னரே கிருமி இல்லை என்று கூற வேண்டும். சாயம் பழையதாயினும் நீரின் தன்மை மாறினும் தகடு தெளிவாக அமையாது. இக்கலை நாள்தோறும் பழகுவோர்க்கே கைவரும். ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான தகடுகளைப் பார்த்தும் ஒரு கிருமியையும் காணாத ஆய்வக நுட்புநர், பிறகு ஒரு நாள் வரும் கிருமியை அடையாளங் காண்பார் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? சில நிமிடங்களில் விடை தரும் சோதனை அட்டைகள் வந்துவிட்டன என்பது உண்மையே. அவை தொலைதூரக் கிராமங்களில் பெரிதும் பயன்படுகின்றன. ஆனால் கிருமி மிகக் குறைவாக உள்ள இரத்தத்தில் அவை தவறக்கூடும். சிகிச்சையால் கிருமி நாள்தோறும் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கவும் நுண்ணோக்கியே வேண்டும்.

இக்குறையைத் தனியொரு நாடு தீர்த்துக்கொள்ளுதல் அரிது. 1990-களில் வங்காள தேசம், கம்போடியா, சீனா, இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா, மியன்மார், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகள் கூடி மலேரியாப் பயிற்சிக்கென ஆசியக் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தின. அவ்வாறு கூடியதற்குத் தக்க காரணம் இருந்தது. குளோரோகுயின் மாத்திரைக்குக் கட்டுப்படாத கிருமி 1950-களின் இறுதியில் தாய்லாந்து, கம்போடிய எல்லைப் பகுதியிலும் தலையெடுத்தது. ஆர்ட்டிமிசினின் மருந்துக்கு மெல்லப் பணியும் கிருமியும் அதே எல்லையில்தான் 2000-களில் காணப்பட்டது. எல்லைக்கு இப்பால் ஒரு மருந்தும் அப்பால் வேறொரு மருந்தும், இப்பால் ஒரு கணக்கும் அப்பால் வேறொரு கணக்கும் இருந்தால் கிருமிக்கே கொண்டாட்டம்.

இக்கூட்டமைப்பின் பணிகளுள் நம் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது நுண்ணோக்கியருக்கான தேர்வும் தகட்டு வங்கியும் ஆகும். நோய் மிகுந்த இடங்களில் நோயாளரின் இசைவுடன் சேகரித்த இரத்தத் தகடுகளை வல்லுநர் பலர் தனித்தனியே பார்த்து, எவ்வகைக் கிருமி, எத்தனை கிருமி என்று முடிவு செய்து, வங்கியில் பணம் போல் சேமித்து வைக்கின்றனர். நோய் அற்ற நாட்டின் பணியாளரும் அத்தகடுகளைக் கொண்டு கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். தேர்வோ எளியதன்று. முதல் நிலைச் சான்று பெற விரும்புவோர் கிருமி உண்டா இல்லையா என்பதில் நூற்றுக்குத் தொண்ணூறும், எவ்வினம் என்பதில் நூற்றுக்குத் தொண்ணூறும் சரியாகக் கூற வேண்டும். கிருமிகளை எண்ணுவதில் பாதித் தகடுகளிலேனும் உண்மை எண்ணுக்கு 25 சதவிகிதத்துக்குள் வர வேண்டும். சான்று 3 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் மீண்டும் தேர்வுக்கு அமர வேண்டும். நம் அலுவலகங்களில் ஒருமுறை பெற்ற பயிற்சியை ஓய்வு பெறும் நாள் வரை போதுமென்று எண்ணும் வழக்கம் இருக்கிறதே, அதனை நோக்க இம்முறை எவ்வளவோ மேலானது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் 1975 முதல் இயங்கிவரும் நோய்க் கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பொது சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பே நடத்துகிறது.

2021-இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட சீனா கைக்கொண்ட கணக்கு ஒன்றும் கிராமப் பணியாளர் மனத்தில் கொள்ளத்தக்கது. நோயாளி கண்டறியப்பட்டால் 1 நாளில் அறிவித்தல்; 3 நாட்களுக்குள் அவர் எங்கிருந்து வந்தார் என்று விசாரித்து அறிதல்; 7 நாட்களுக்குள் அவ்விடத்தில் செய்யவேண்டியதைச் செய்து முடித்தல். முன்பு நாம் கூறிய 10 முதல் 14 நாள் கணக்கோடு இதனைப் பொருத்திப் பார்த்தால், கொசு முந்துமுன் நாம் முந்த வேண்டும் என்பதே இவ்வேற்பாட்டின் கருத்து என்று புலனாகும். இந்தியா 2030-க்குள் மலேரியாவை ஒழிக்க உறுதி பூண்டிருப்பதால் இவ்விரைவு நமக்கும் இன்றியமையாதது.

இனி ஒன்றிய அளவில் நாம் செய்யக்கூடியவற்றைக் காண்போம். செங்கற் சூளைகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் ஒடிசா, ஜார்க்கண்டு, சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். அவர்களுள் பலர் மலேரியா இன்னும் நிலவும் காட்டுப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களைக் குற்றவாளிகள் போல் நோக்குதல் ஆகாது. அஞ்சினால் காய்ச்சலை மறைப்பர், அதனால் கேடு நமக்கே. அவர்கள் வந்திறங்கும் செய்தி ஊராட்சிச் செயலருக்குத்தான் முதலில் தெரிகிறது. சுகாதார ஆய்வாளருக்கு அன்றே அவர் தெரிவித்தால், தங்குமிடத்திற்கே சென்று இரத்தம் எடுக்கலாம். காய்ச்சலென்று வருவோரிடம் அண்மையில் எந்த ஊருக்குச் சென்றுவந்தீர் என்று கேட்கும் பழக்கமும் வேண்டும். இலங்கையில் வெளியூர் சென்று திரும்பியவர் சிலருக்கு டெங்கு என்று எண்ணி மலேரியாச் சோதனை தாமதமான நிகழ்ச்சிகள் உண்டு.

நீர்நிலைகளைப் பொறுத்தவரை, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கு மூடியும், காற்றுக் குழாய் வாய்க்கு வலையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் பொறியாளரின் வேலையே அன்றி மருத்துவரின் வேலையன்று. கொசுப்புழு சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரத்திற்குமேல் ஆவதால், வீட்டுத் தொட்டிகளை வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்தால் போதும். இராமேசுவரம் தீவில் சவுக்குக் கன்றுகளுக்கு நீர் ஊற்றத் தோண்டும் குழிகளும் கொசு வளரும் இடங்களாதலால், பயன் முடிந்த குழிகளைத் தூர்க்கக் கரையோர ஒன்றியங்கள் ஏற்பாடு செய்யலாம்.

விவாக்ஸ் காய்ச்சலுக்குப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாட்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் தணிந்துவிடுவதால் பாதியில் நிறுத்துவோர் பலர். வேலை முடிந்து வேற்றூர் செல்வோரும் பலர். எனவே அத்தகையோர் புறப்படும் நாளில் மீதி மாத்திரைகளைக் கையில் கொடுத்தனுப்பி, அவர் செல்லும் ஊரையும் எத்தனை நாள் மருந்து பாக்கி உள்ளது என்பதையும் அவ்வட்டார மருத்துவ அலுவலருக்கு அன்றே தொலைபேசியில் தெரிவித்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. மாநில எல்லையைத் தாண்டிச் செல்வோராயின் மாவட்ட அலுவலர் வழியே செய்தியை அனுப்பலாம்.