கடன் மாற்றம்: சுமை குறைவது எப்போது?

ஒரு கடனை மற்றொரு கடனால் அடைப்பது நம் நாட்டுக் குடும்பங்களுக்குப் புதிய வழக்கமன்று. நகரங்களில் கடன் அட்டை நிலுவையைக் குறைந்த வட்டிக்கு வேறோர் அட்டைக்கு மாற்றித்தர வங்கிகள் முன்வருகின்றன. சிற்றூர்களில் கந்துவட்டிக் கடனைக் கூட்டுறவுக் கடனாக மாற்றும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. தமிழகத்தை ஒட்டியுள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் அனுபவம் அதனை நன்கு விளக்குகிறது.

வட்டியின் உண்மை அளவு

சித்தூர் வட்டத்தின் நெல் உழவரும், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தோட்டத் தொழிலாளரும், ஏலம் பயிரிடும் சிறு விவசாயிகளும் கைவறட்சிக் காலத்தில் தனியாரிடம் கடன் பெறுவதுண்டு. கேரளத்தில் இதனைப் 'பிளேடு' வட்டி என்பர். எடுத்துக்காட்டாக, ரூ. 10,000 கடனில் ரூ. 1,000 முன்னதாகவே பிடிக்கப்பட்டு, ரூ. 9,000 கைக்கு வருகிறது; வாரம் ரூ. 1,000 வீதம் பத்து வாரங்களில் அடைக்க வேண்டும் எனக் கொள்வோம். பார்வைக்கு வட்டி பத்து விழுக்காடுதான். ஆனால் வாரந்தோறும் அசல் குறைந்து வருவதையும் தவணை பத்து வாரமே என்பதையும் கணக்கிட்டால், அது ஆண்டுக்கு 100 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கடன் அட்டையிலும் இவ்வாறே; மாத வட்டி 3.5 விழுக்காடு எனில் ஆண்டு வட்டி 42 விழுக்காடாகும்.

மண்ணார்க்காட்டில் தொடங்கிய திட்டம்

தனியார் கடனை அடைக்க உழவருக்கு வங்கிகள் கடன் வழங்க 2004-ஆம் ஆண்டிலேயே வழி செய்யப்பட்டது. கேரள அரசு 2018 ஜூனில் பாலக்காடு மாவட்டத்தின் மண்ணார்க்காட்டில் 'முற்றத்தே முல்லை' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கம் குடும்பஸ்ரீ குழுவுக்கு 9 விழுக்காட்டில் நிதி அளித்தது. குழு வீடு தேடிச் சென்று ரூ. 1,000 முதல் ரூ. 25,000 வரை 12 விழுக்காட்டில் கடன் வழங்கியது. திருப்பிச் செலுத்த 52 வாரங்கள் வரை அவகாசம் தரப்பட்டது.

வட்டி குறைந்தது மட்டும் இதன் சிறப்பன்று. வட்டிக்காரர் வென்றது வாசலுக்கே வந்து, அன்றே பணம் தந்ததால்தான். அந்த வசதியைக் கூட்டுறவும் மேற்கொண்டது. எனினும் வாரத் தவணை பால் விற்பவருக்குப் பொருந்தும். அறுவடையை நம்பியிருக்கும் நெல், ஏல விவசாயிக்குப் பொருந்தாது. தவணையும் வருவாயும் ஒத்துப்போகாவிடில், தவணை கட்டவே மீண்டும் பிளேடுக் கடன் வாங்க நேரிடும்.

விண்ணப்பத்தில் எழும் தடை

1998-இல் அறிமுகமான கிசான் கடன் அட்டை வாய்மொழிக் குத்தகையாளரையும் உள்ளடக்கியது. ஆனால் கேரளத்தில் 1970 முதல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டுள்ளதால், அவர்கள் காட்டுவதற்கு ஆவணம் இல்லை. இடுக்கியில் பட்டாச் சிக்கல் இதே இடையூறை விளைவிக்கிறது. நெல் உழவருக்கு வேறொரு தடையும் நேர்ந்தது. அரசு கொள்முதல் செய்த நெல்லின் விலை, இரசீதின் பேரில் வங்கிக் கடனாக வழங்கப்பட்டது. அரசு வங்கிக்குச் செலுத்தத் தாமதித்தால், தம் நெல்லுக்குரிய பணத்துக்கே உழவர் கடனாளியாகக் கருதப்பட்டுப் புதிய கடன் பெற இயலாமற் போயிற்று. 2023-இல் இக்குறை மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

சிறு கடன் விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி 2003-இல் நெறிமுறை வகுத்தது. கடன் அட்டைக்கும் 2022-இல் இவ்வாறே ஆணையிட்டது. "மேலிடத்தில் ஏற்கவில்லை" என்னும் வாய்மொழி விடை போதாது. காரணம் தெரிந்தால்தான் விண்ணப்பதாரர் குறையைத் திருத்திக்கொள்ள முடியும்.

கவனிக்க வேண்டியவை

கடனை மாற்றுமுன் நான்கு வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்தால் ஆண்டு வட்டி எவ்வளவு? சலுகை வட்டி எத்தனை மாதங்களுக்கு? தவணை நாள் வருவாய் வரும் காலத்தோடு பொருந்துகிறதா? பழைய கடன் முற்றிலும் தீர்ந்ததற்குச் சான்று உண்டா? இவற்றுள் இறுதி வினாவே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பழைய கணக்கு திறந்திருக்க, புதிய கடனும் சேர்ந்தால் கடன் மாறுவதில்லை, இரட்டிக்கிறது.

விண்ணப்பத்தைப் பெறும் அலுவலர் இந்நான்கையும் விண்ணப்பதாரரின் மொழியிலேயே விளக்குவாராயின், திட்டத்தின் பயன் ஏட்டளவில் நில்லாது இல்லத்தைச் சென்றடையும்.