வேலூர்க் கோட்டையும் மந்தைவெளி பால்கனியும்

சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கி.மீ. காலையில் கிளம்பினா ஒரே நாளில் பார்த்துட்டு வந்துடலாம். 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சிக்குட்பட்ட நாயக்கர்கள் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை அது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நாம பார்க்க வேண்டியது அகழியை ஒட்டிய வெளி மதிலை. அதன் மேல் அங்கங்கே குட்டிக் கோபுரங்கள் வெளிப்பக்கம் துருத்திக்கிட்டு நிற்கும். ஐரோப்பியக் கோட்டைகளில் இந்த வகைக்கு பார்ட்டிசான் என்று பெயர்.

ஏன் வெளியே நீட்டணும்?

மதில் மேல் நிற்கிற காவலாளிக்கு மதிலின் அடிவாரம் தெரியாது. எட்டிப் பார்த்தா தலை போயிடும். கோபுரம் கொஞ்சம் வெளியே நீண்டிருந்தா, உள்ளே மறைஞ்சு நின்னபடியே சுவரின் இரு பக்கத்தையும் கவனிக்கலாம்.

சரி, கீழே தூண் இல்லாம எப்படி நிற்குது?

ஒரு கணக்குப் போடுவோம். 1 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள கருங்கல்லின் எடை ஏறக்குறைய 240 கிலோ. அதில் 30 செ.மீ. மட்டும் சுவருக்கு வெளியே நீட்டினா, கல்லின் ஈர்ப்பு மையம் விளிம்பிலிருந்து 20 செ.மீ. உள்ளே இருக்கும். அப்போ நுனியில் 240 × 20 ÷ 30 = 160 கிலோ வரைதான் தாங்கும்; அதுக்கு மேல கல் கவிழும். ஆனா உள்ளே இருக்கிற வால் பகுதியின் நடுவில் 500 கிலோ சுவர் உட்கார்ந்தா, இன்னும் 580 கிலோ தாங்கும். அதாவது, நீட்டின கல்லைப் பிடிச்சுக்கிறது மேலே இருக்கிற சுவரின் எடை.

இன்னொரு சிக்கல்: நீட்டின கல்லின் மேல்பரப்பு இழுவிசையில் இருக்கும். கல்லுக்கு இழுவிசை ஆகாது. அதனாலதான் ஒரே கல்லை நீளமா நீட்டாம, படிப்படியா ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே தள்ளுறாங்க.

இப்போ மந்தைவெளி, தி.நகர் அபார்ட்மெண்ட் பால்கனிக்கு வாங்க. அதே கேன்டிலீவர், இழுவிசையும் அதே மேல்பக்கம். அதைத் தாங்க மேலே கம்பி போடுறோம். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதிச்சு, 125 மி.மீ. ஆழத்தில் வேலை செய்ய வேண்டிய கம்பி 75 மி.மீ.க்கு இறங்கினா, பலம் 40 சதவீதத்துக்கு மேல் குறையும். வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது.

அடுத்த வருஷம் சைட்டில் நிற்கப்போறது நாமதான். கான்கிரீட் வர்றதுக்கு முன்னாடி பால்கனி கம்பி மேலே இருக்கா, அதைத் தாங்குற சேர் கம்பி சரியா இருக்கான்னு டேப் வெச்சு அளந்து பாருங்க. கான்கிரீட் விழுந்த பிறகு டேப் வெச்சு அளக்க வழியில்லை.