4,096 ஒளிப்புள்ளிகள்

பின்பால் என்னும் விளையாட்டைப் பற்றி மாணவர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆடிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே இருக்கக்கூடும். சாய்வான மேசையொன்றின் மேல் எஃகுக் குண்டு உருண்டு வரும். அது அடியிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடாதபடி, இரண்டு சிறு துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ நகரமே இந்த எந்திரத் தொழிலுக்கு நெடுங்காலம் தலைமையிடமாக விளங்கியது.

எந்திரத்தின் நெற்றிப் பகுதியில் ஆட்டக்காரரின் புள்ளிக் கணக்கு தெரியும். 1991-ஆம் ஆண்டில் இங்கு ஒரு மாறுதல் வந்தது. டேட்டா ஈஸ்ட் நிறுவனத்தின் 'செக்பாயிண்ட்' எந்திரம் 128 நெடுவரிசைகளும் 16 கிடைவரிசைகளும் கொண்ட புள்ளித் திரையுடன் வெளிவந்தது. அதே ஆண்டில் வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'டெர்மினேட்டர் 2' எந்திரத்தில் கிடைவரிசைகள் 32 ஆயின. 128 × 32 = 4,096 புள்ளிகள். இந்த அளவே பின்னர் வழக்கமாக நிலைத்துவிட்டது. எண்களையும் எழுத்துகளையும் மட்டும் காட்டிவந்த நெற்றியில், அன்று முதல் அசையும் சித்திரங்கள் ஓடத் தொடங்கின.

அந்தப் பழைய திரைகள் நியான் வாயுவைக் கொண்டு ஒளிர்ந்தவை. இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைபட்ட வாயுவின் வழியே, நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் மின்சாரம் பாயும்போது, நியானுக்கே உரிய செம்மஞ்சள் ஒளி பிறக்கும். நாளடைவில் அவை மங்கிப் பழுதாயின. இன்று அவற்றின் இடத்தை ஒளி உமிழ் டையோடுகள், அதாவது எல்.இ.டி.க்கள், பிடித்துக்கொண்டுள்ளன.

இப்பொழுது ஆர்வலர்கள் வீட்டிலேயே 'மெய்நிகர் பின்பால் பெட்டி' செய்கிறார்கள். மேசைக்குப் பதில் ஒரு பெரிய தொலைக்காட்சித் திரையைக் கிடையாகப் படுக்கவைத்து, உள்ளே கணிப்பொறி ஒன்றை அமைத்துவிடுகிறார்கள். குண்டும் இல்லை, துடுப்பும் இல்லை. நியூட்டனின் விதிகளைக் கணித்துக் கணித்துக் கணிப்பொறியே குண்டை உருட்டுகிறது. நெற்றிக்கு மட்டும் உண்மையான புள்ளித் திரை வேண்டுமென்று பலர் விரும்புகிறார்கள். சாதாரண எல்.சி.டி. திரையிலும் புள்ளிகளைப் படமாகக் காட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். காட்டலாம், வேலையும் எளிது. ஆனால் எல்.சி.டி.யில் பின்னாலிருக்கும் விளக்கு எப்போதும் எரிகிறது. கறுப்பு என்பது அங்கே சற்றே வெளுத்த சாம்பல்தான். எல்.இ.டி. திரையில் அணைந்த புள்ளி உண்மையிலேயே இருள். இருட்டறையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் எல்.சி.டி. பக்கம் திரும்புவது கடினம் என்பது என் கருத்து.

கடைகளில் 64 × 32 புள்ளிகள் கொண்ட பலகைகள் கிடைக்கின்றன. இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 128 × 32 ஆகிவிடும். பலகையின் மேல் பி 2.5, பி 3, பி 4 என்று எழுதியிருப்பார்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தொலைவு அத்தனை மில்லிமீட்டர் என்று பொருள். பி 2.5 வகையில் முழுத் திரையின் அகலம் 128 × 2.5 = 320 மி.மீ.; உயரம் 80 மி.மீ. பழைய நியான் திரையும் ஏறத்தாழ இதே அளவுதான். பி 4 வாங்கினால் அகலம் 512 மி.மீ. ஆகிவிடும், பெட்டியின் நெற்றியில் அதற்கு இடமிருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். இரு பலகைகளையும் ஒரே கடையில், ஒரே தொகுப்பிலிருந்து வாங்குவது நல்லது. தொகுப்பு மாறினால் நிறமும் பொலிவும் சற்று வேறுபடும்; நடுவில் ஒரு கோடு விழுந்தாற்போல் கண்ணை உறுத்தும்.

இனி இயற்பியலுக்கு வருவோம். 4,096 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டையோடுகள். மொத்தம் 12,288. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பது நடவாத காரியம். ஆகவே ஓர் உபாயம் செய்கிறார்கள். 32 கிடைவரிசைகளை மேல் பாதி 16, கீழ்ப் பாதி 16 எனப் பிரிக்கிறார்கள். ஒரு நேரத்தில் மேலே ஒரு வரிசை, கீழே அதற்கு இணையான ஒரு வரிசை, ஆக இரண்டு மட்டுமே எரியும். அடுத்த கணம் அடுத்த இணை. பதினாறு இணைகளும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இதை நொடிக்கு 100 முறை செய்தால், ஓர் இணைக்குக் கிடைக்கும் நேரம் 1/1600 நொடி, அதாவது 625 மைக்ரோ நொடி. ஒரு காட்சி மறைந்த பின்னும் சிறிது நேரம் கண்ணில் நிலைப்பதால், திரை முழுவதும் ஒரே சமயத்தில் எரிவதாக நமக்குத் தோன்றுகிறது. ரயில் நிலையத்தில் பெட்டி எண் காட்டும் எல்.இ.டி. பலகையைக் கைபேசியால் படம் பிடித்துப் பாருங்கள். சில வேளைகளில் எழுத்தின் சில வரிசைகள் விடுபட்டிருக்கும். கண் ஏமாறுவதுபோல் கேமரா ஏமாறுவதில்லை!

பலகையின் பின்புறம் 16 முனைகள் கொண்ட இணைப்பான் உள்ளது. இவ்வகைக்கு ஹப் 75 என்று பெயர். அவற்றுள் ஆறு முனைகள் மேல், கீழ் வரிசைகளின் மூன்று நிறங்களுக்கு. ஏ, பி, சி, டி என்ற நான்கும் வரிசை எண்ணைச் சொல்பவை. நான்கு இரும எண்களால் 0 முதல் 15 வரை பதினாறு எண்களைக் குறிக்கலாம் அல்லவா? மற்றவை கடிகாரத் துடிப்பு, தாழ், ஒளி அனுமதி, தரை இணைப்பு ஆகியன. துடிப்புக்கு ஒரு புள்ளியாகச் செய்தி உள்ளே நகர்ந்து செல்லும். முதல் பலகையிலிருந்து வழிந்தது நாடாக் கம்பி வழியே இரண்டாவது பலகைக்குப் போகும். 128 புள்ளிகளும் இடம் சேர்ந்ததும் தாழ் இட்டால் வரிசை ஒளிரும். இத்தனை வேகமான வேலையை இ.எஸ்.பி. 32 போன்ற சிறு கட்டுப்பாட்டு அட்டை கவனித்துக்கொள்கிறது; கணிப்பொறி படத்தை யு.எஸ்.பி. வழியே அதற்கு அனுப்பினால் போதும். இவ்வட்டை 3.3 வோல்ட்டில் பேசுவது. பலகையோ 5 வோல்ட்டில் இயங்குவது. பெரும்பாலான பலகைகள் பொறுத்துக்கொள்ளும். பொறுக்காத பலகையில் புள்ளிகள் மின்மினிபோல் சிதறும். அப்போது இடையில் 74 ஹெச்.சி.டி. 245 என்ற சில்லைச் சேர்க்க வேண்டும்.

பலரும் தடுமாறுவது மின்சாரம் தரும் இடத்தில்தான். ஒரு பலகையில் ஒரே கணத்தில் எரியக்கூடியவை 64 × 2 × 3 = 384 டையோடுகள். ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர் எனக் கொண்டால் 3.84 ஆம்பியர். இரு பலகைகளுக்கு ஏறத்தாழ 8 ஆம்பியர். 5 வோல்ட்டில் 40 வாட். சாதாரண யு.எஸ்.பி. 2.0 முனை தருவது அரை ஆம்பியரே. ஆகவே 5 வோல்ட், 10 ஆம்பியர் தரும் தனி மின்வழங்கி அவசியம்.

கம்பியின் தடிமனையும் அலட்சியம் செய்யக்கூடாது. 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை மீட்டருக்குச் சுமார் 0.034 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர்: 0.068 ஓம். 8 ஆம்பியர் பாய்ந்தால் கம்பியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு! சிவப்பு டையோடுக்கு 2 வோல்ட் அளவே போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவு தேவை. அழுத்தம் குறைந்தால் இவ்விரண்டுமே முதலில் சோர்ந்துபோகும். வெள்ளைப் படம் சிவந்து தோன்றும். பலகை கெட்டுவிட்டதென்று கழற்றி எறிவதற்கு முன், பலகையின் முனையிலேயே வோல்ட்மானியை வைத்து அளந்து பாருங்கள். 2.5 சதுர மி.மீ. கம்பியில் இழப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் இன்னும் நல்லது. நாடாக் கம்பி செய்தியை மட்டுமே கொண்டு செல்லும். அதை நம்பி இரண்டாவது பலகைக்கு மின்சாரம் தராமல் விட்டுவிடக்கூடாது.

இணைக்கும்போது நேர்முனை, எதிர்முனை மாறினால் பலகை நொடியில் பாழாகும். நிறம் பார்த்து, அளந்து, பிறகே சொருக வேண்டும். மின்வழங்கியின் 230 வோல்ட் பக்கத்தைப் பெரியவர் ஒருவர் துணையின்றி மாணவர்கள் தொடவே கூடாது. கட்டுப்பாட்டு அட்டைக்கும் பலகைகளுக்கும் தரை இணைப்பு பொதுவாக இருக்க வேண்டும். நாடாக் கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பலகையின் பின்னாலுள்ள அம்புக்குறி செய்தி செல்லும் திசையைக் காட்டும். பழைய நியான் நிறம் வேண்டுமானால் சிவப்பை முழுமையாகவும் பச்சையை மூன்றில் ஒரு பங்கு அளவிலும் எரியவிட்டுத் தொடங்கிப் பார்க்கலாம்.

படம் தெரிந்தது, ஆனால் இடப்பாதி வலத்திலும் வலப்பாதி இடத்திலும் நிற்கிறதா? பலகைகளின் வரிசை மாறியிருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு கிடைவரிசை இருண்டு கிடக்கிறதா? வரிசை எண்ணின் கடைசி இலக்கமான ஏ முனையின் கம்பி கழன்று, அது 0 நிலையிலேயே நின்றுவிட்டது; ஒற்றைப்படை எண்ணுள்ள வரிசைகளை அழைக்க ஆளில்லை. டி முனை அவ்வாறு நின்றால் ஒவ்வொரு பாதியிலும் 8 முதல் 15 வரையுள்ள வரிசைகள் இருண்டுவிடும். சி முனை 0 நிலையில் நின்றுவிட்டால் எந்தெந்த வரிசைகள் இருளும்? தாளில் 0 முதல் 15 வரை இரும எண்களை எழுதிக் கண்டுபிடியுங்கள்.