ஜெல் பாலிஷ் அலர்ஜி: பிராண்டை மாற்றினால் தீருமா?

கேள்வி: வீட்டிலேயே ஜெல் நெயில் பாலிஷ் போட்டு வந்தேன். இப்போது விரல் நுனியிலும் கண் இமையிலும் அரிப்பு. பிராண்டை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. ஜெல்லில் உள்ள ‘ஹெமா’ போன்ற அக்ரிலேட்டுகள் காரணமாக இருக்கலாம். விளக்கொளியில் முழுதாக இறுகாத ஜெல் தோலில் படும்போதுதான் ஆபத்து. ‘ஹெமா இல்லாதது’ என்று விற்பவற்றிலும் வேறு அக்ரிலேட்டுகள் இருக்கும். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிக்கும். பல் அடைக்கும் பசையிலும், சர்க்கரை அளவு பார்க்கும் சென்சாரின் ஒட்டிலும் இதே குடும்ப ரசாயனங்கள் உண்டு. அதனால் ஜெல்லை உடனே நிறுத்துங்கள். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். முடிவைப் பல் மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லிவையுங்கள்.