டோக்கியோ மாநகரைக் காணும் முறை



டோக்கியோ மாநகருக்கு முதன்முறையாகச் செல்லும் நம்மவர் எதனைக் காண வேண்டும், எதனை வினவ வேண்டும் என்பதை ஆராய்வதே இப்பாடம்.

கல்யாண் வண்டியில் நெருக்குண்டு பழகிய உல்லாஸ்நகர்வாசிக்கு அந்நகரின் ரயில் அச்சம் தராது. யாமனோத்தே என்னும் வட்டப்பாதை 34.5 கிலோமீட்டர் நீளமுடையது. 30 நிலையங்களைக் கடந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்திற்கே மீளும். அப்பாதையிலுள்ள உயேனோ நிலையத்தில் இறங்கிச் சுரங்க ரயிலில் கிழக்கே சென்றால் அசாக்குசாவை அடையலாம். நகரின் மிகப் பழைய கோயிலாகிய சென்சோஜி அங்கே உள்ளது.

கி.பி. 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய மீனவச் சகோதரர் இருவர் அவலோகிதேஸ்வரரின் திருவுருவைக் கண்டெடுத்தனர் என்பது கோயில் வரலாறு. அவ்வுருவம் எவருக்கும் காட்டப்படுவதில்லை. 1945 மார்ச் 10ஆம் நாள் குண்டுவீச்சில் எரிந்த பெருமண்டபம் 1958இல் மீண்டும் எழுந்தது. அந்த மீனவர்களுக்கும் அருகிலேயே ஓர் ஆலயம் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் அவர்களைப் போற்றி விழா நிகழ்கிறது. உழைப்பாளிகளை இவ்வாறு மதித்தல் கண்டு மகிழத்தக்கதே.

இவற்றை எல்லாப் பயணிகளும் காண்பர். இனி வினவ வேண்டியதைக் கூறுவோம்.

தொக்குகாவா ஆட்சிக்காலத்தில், தோல் பதனிடுவோரும் இறந்த விலங்குகளை அகற்றுவோரும் அந்நாட்டில் இழிந்தோராக ஒதுக்கப்பட்டனர். அவர்தம் தலைவராகிய தன்சாயெமோனின் குடியிருப்பு இக்கோயிலுக்கு அண்மையிலேயே இருந்தது. 1871இல் அரசாணை அவ்விழிபெயரை நீக்கிற்று, இழிவோ நீங்கவில்லை. 1922இல் அம்மக்கள் தாமே கியோத்தோவில் கூடிச் சுய்ஹெய்ஷா என்னும் சமத்துவ இயக்கத்தை நிறுவினர். இன்றும் அசாக்குசா வட்டாரத்தில் காலணித் தொழிலும் தோல் தொழிலும் நடைபெறுகின்றன. தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்த முன்னோரையுடைய நாம் அத்தெருக்களைக் காணாமல் திரும்புதல் தகுமோ?

மற்றொன்றும் அறிதல் வேண்டும். இறந்தோர்க்குச் சூட்டும் பௌத்தப் பெயரிலும் இம்மக்களுக்கு இழிகுறி சேர்த்த கோயில்கள் அந்நாட்டில் இருந்தன. 1980களில் சோத்தோ முதலிய பிரிவினர் அவற்றைத் தேடித் திருத்த முற்பட்டனர். பகவான் புத்தரின் திருநாமம் ஒலிக்கும் இடத்திலும் பிறப்புவேற்றுமை புகக்கூடும் என்பதற்கு இது சான்று. புகுந்ததைக் களைதல் இயலும் என்பதற்கும் இதுவே சான்று.

ஆதலின், பயணம் முடித்து வரும் அன்பர் தம் விகாரையையும் அக்கண்ணாலேயே நோக்குக. எவர் பின்வரிசையில் அமர்கின்றனர்? எவர் பெயர் அடைமொழியின்றி அழைக்கப்படுகிறது? வரும் ஞாயிறன்று இவ்விரு வினாக்களுக்கும் விடை கொண்டு வருக.