மூளைக்குச் செல்லும் இரத்தமும் பக்கவாதமும்

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். வழக்கமாகத் திருவிழாக்களின் தத்துவம் பற்றி எழுதுவேன். இம்முறை உடலைப் பற்றி எழுத அனுமதி கேட்டுக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதோஷ நாள். புந்தோங்கில் நம் ஆலயத்தில் பதிகம் பாடும் மூத்த அன்பர் ஒருவருக்குப் பாடிக்கொண்டிருந்தபோதே நாக் குழறியது. கையிலிருந்த தாளம் நழுவி விழுந்தது. அதை எடுக்கப் போன வலக்கை தரையைத் தடவியதே தவிர தாளத்தைப் பிடிக்கவில்லை. "விரதம் இருக்கிறார், பசி மயக்கம்தான்" என்று முதலில் சொன்னவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவன்! ஒருவர் தைலம் தேய்த்தார். ஒருவர் சுடச்சுடக் காப்பி கொண்டுவந்து புகட்டினார். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர், அதையும் செய்தோம். பிறகு வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். மறுநாள் காலை மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். "நேற்று மாலை ஆறரை" என்றோம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் விளங்க, மூளைக்கு இரத்தம் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையின் எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உடல் எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்திற்கு முக்கால் லிட்டர் இரத்தம் அதற்கு வேண்டும். கல்லீரலும் தசையும் சர்க்கரையைச் சேமித்து வைக்கும். மூளையிடம் சேமிப்பு அநேகமாகக் கிடையாது. அது ஓர் அன்றாடங்காய்ச்சி. இரத்த ஓட்டம் முழுவதுமாக நின்றால் பத்து விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும்.

இந்த இரத்தம் நான்கு குழாய்கள் வழியாக மேலே ஏறுகிறது. கழுத்தின் முன்புறம் இரு பக்கமும் பெரிய தமனிகள் இரண்டு. தாடைக்குக் கீழே விரலை வைத்தால் துடிப்பது அதுதான். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே பின்புறமாகச் செல்பவை இரண்டு. இவை மூளையின் அடியில் ஒன்றோடொன்று இணைந்து வளையமாகின்றன. இவ்வளையத்தை 1664-ஆம் ஆண்டு தம் நூலில் விளக்கியவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். (அந்நூலுக்குப் படம் வரைந்து உதவிய கிறிஸ்டோபர் ரென்தான் பின்னாளில் இலண்டன் தூய பவுல் தேவாலயத்தை வடிவமைத்தவர்.)

தோட்டப்புற லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பெரிய குழாய் இரண்டு பக்கத்திலிருந்து வந்தால், ஒன்று அடைத்தாலும் மற்றது தண்ணீர் கொடுக்கும். வளையம் செய்யும் உதவி இதுவே. ஆனால் வளையத்தைத் தாண்டி ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாகப் பிரியும் கிளை அடைத்துக்கொண்டால் அந்த லயம் தவிக்கும். பெரும்பாலான பக்கவாதங்கள் இத்தகைய அடைப்பால் வருகின்றன. மற்றவை குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஆகவே வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்து.

அடைப்பின் நடுவிலுள்ள பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி அப்படியல்ல. பக்கத்துக் கிளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வரும் இரத்தத்தில் வேலை செய்யாமல், ஆனால் சாகாமல், சில மணி நேரம் காத்திருக்கிறது. பெரிய குழாய் ஒன்று அடைத்தால் நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது ஆய்வாளர்களின் கணக்கு. நாங்கள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த நேரத்தை அதனால் பெருக்கிப் பார்க்க எனக்கு இன்றும் மனம் வருவதில்லை.

நம்மவர் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாற்றுக்காகச் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட எம்.ஜி.ஆருக்கு அங்கே பக்கவாதம் ஏற்பட்டது. நவம்பரில் அமெரிக்காவின் புருக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே இருந்தபடியே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து மீண்டும் முதலமைச்சரானார். ஆனால் 1987 டிசம்பரில் மறையும் வரை பேச்சு பழையபடி திரும்பவில்லை. அந்நாளில் அடைப்பைக் கரைக்கும் மருந்து பக்கவாதத்திற்கு வழக்கில் இல்லை. அதன் பயனைக் காட்டிய பெரிய ஆய்வு 1995-இல்தான் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எம்.ஜி.ஆர். காலத்தில் இல்லாத அந்த மருந்து நம் காலத்தில் இருக்கிறது. நாங்கள்தான் அதனிடம் போய்ச் சேரவில்லை.

அம்மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். ஸ்கேன் எடுக்கும் நேரமும் அதில் அடக்கம். தொடை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் முறையும் உண்டு. பொறுக்கியெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது பயன்படும். ஆனால் அவ்வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

ஆகவே, ஒருவருக்குத் திடீரென வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கைகளில் ஒன்று தானாகத் தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், கடிகாரத்தைப் பாருங்கள். 999-ஐ அழையுங்கள். கிளினிக்குக்குப் போய்க் காத்திருக்க வேண்டாம். தண்ணீர், காப்பி எதுவும் கொடுக்கலாகாது. விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பத்து நிமிடத்தில் எல்லாம் சரியானாலும் "அம்மன் அருள்" என்று வீடு திரும்பிவிடாதீர்கள். அம்மன் கொடுத்த எச்சரிக்கை என்று கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

முக்கியக் காரணம் இரத்தக் கொதிப்பு. இனிப்பு நீர், புகை, சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவை அடுத்து வரும். கச்சாங் பூத்தேக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு உப்பைக் குறையுங்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நம் அன்பர் இருக்கிறார். வலக்கை எழவில்லை. மொழிக்குரிய இடம் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம். அது பழுதானதால் மனைவியின் பெயரைக்கூடச் சொல்ல வராது. ஆனால் பண்ணோடு எடுத்துக் கொடுத்தால் பதிகத்தின் பல அடிகள் சொல் பிசகாமல் வருகின்றன. பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் துணை செய்கிறது என்பர் மருத்துவர். பிரதோஷந்தோறும் அவரை அழைத்து வருகிறோம். முதல் அடியை நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

நன்கொடையாளர்கள் உதவியால் வாங்கிய இரத்த அழுத்தக் கருவி ஆலய மண்டபத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்ததும் நானே பார்த்துச் சொல்லுகிறேன். பழைய சீட்டு இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள்.