தராசைக் கேள், அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்தது. படிப்பை முடித்துவிட்டு, அப்பாவின் கோழிப்பண்ணையை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியிருந்ததை உன் பெரியம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "மஞ்சள், பூண்டு, சீரகம், கீழாநெல்லி எல்லாம் தீவனத்தில் கலந்து கொடுத்தால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் என்கிறார்களே பெரியப்பா, நம்பலாமா?"

பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பண்ணைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக நடந்தவன் நான். மூலிகை வேலை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த வேலையைச் செய்யும், எதைச் செய்யாது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினவர்கள்தான் கெட்டுப்போனார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், ஆன்டிபயாட்டிக் எப்படித் தீவனத்துக்குள் வந்தது என்று தெரிந்துகொள். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், கோழிக்குஞ்சுக்கு பி12 வைட்டமின் எதிலிருந்து கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் மருந்து எடுத்த பிறகு மிஞ்சிய கழிவைக் குஞ்சுக்குக் கொடுத்தபோது, வைட்டமினால் வரக்கூடியதைவிட அதிகமாகவே குஞ்சு வளர்ந்தது. கழிவில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம். அன்றிலிருந்து, சீக்கு இல்லாத கோழிக்கும் தினமும் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது.

கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுக்கும்போது பலவீனமான கிருமிகள் சாகின்றன. தாக்குப்பிடிக்கிற கிருமி தப்பித்துப் பெருகுகிறது. அந்தத் தாங்கும் திறனை அது மற்றக் கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மனுஷனுக்கு மருந்து கேட்காமல் போகிறது. இதைப் பார்த்து 1986-லேயே சுவீடன், வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தடை செய்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. நம் நாட்டில், 2014-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பதில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது. இந்த மருந்துகளை எடுத்துவிட்ட இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு வந்த பதில்களில் ஒன்றுதான் மூலிகை.

இப்போது கோழியின் வயிற்றுக்கு வருவோம். நாற்பது கிராம் குஞ்சு ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. ஐம்பது மடங்கு! இந்த வேகத்தைச் சுமப்பது அதன் குடல். தின்றது செரிக்க வேண்டும், குடலில் கெட்ட கிருமி தலையெடுக்கக் கூடாது, கல்லீரல் களைக்கக் கூடாது. மூலிகைகளின் வேலையும் இந்த மூன்று இடத்தில்தான்.

சீரகம், இஞ்சி, மிளகு ஆகியவை செரிமான நீரைத் தூண்டுபவை. உன் பெரியம்மா ரசத்தில் போடுகிற அதே காரணம்தான். காரம் கோழிக்கு எரியாதா என்று நீ கேட்கலாம். மிளகாயின் காரத்தைப் பறவைகளின் நரம்பு உணர்வதே இல்லை. கிளி பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருப்பாயே!

பூண்டும் ஓமமும் கிருமியோடு மோதுபவை. முழுப்பூண்டில் அந்த வீரியம் வெளிப்படாது. நசுக்கினால்தான் அதிலுள்ள நொதி வேலை செய்து அல்லிசின் உண்டாகும். சூடுபடுத்தினால் அதுவும் போய்விடும். ஐரோப்பாவில் தடை வந்தபின் தீவன நிறுவனங்கள் ஆரிகனோ, தைம் என்ற செடிகளின் எண்ணெயைத் தேடிப்போயின. தைம் செடியின் முக்கியச் சத்தான தைமால் நம் ஓம எண்ணெயில் ஏராளம். கிருமியின் மேல்தோலைத் துளைத்து அதன் உள்ளிருப்பைக் கசிய வைப்பதுதான் தைமாலின் வழி.

மஞ்சள், கீழாநெல்லி, நெல்லிக்காய் மூன்றையும் கல்லீரலுக்கும் உடல் அழற்சிக்கும் துணையாகக் கொடுக்கிறோம். மக்காச்சோளத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது முதலில் தாக்குவது கல்லீரலை. இந்தப் பாதிப்பை மஞ்சள் ஓரளவு குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகப் பூஞ்சைத் தீவனத்தைப் போட்டுவிட்டு மஞ்சளை நம்பாதே. அந்த மூட்டையைத் தூக்கி எறிவதுதான் வைத்தியம்.

இவ்வளவு நல்லது சொன்னபின் கசப்பானதையும் சொல்ல வேண்டும். மூலிகை ஆய்வுகளின் முடிவு ஒன்றுபோல ஒன்று வருவதில்லை. ஓரிடத்தில் எடை கூடும், இன்னோரிடத்தில் ஒரு வித்தியாசமும் இருக்காது. காரணம் உண்டு. ஒரே பெயருள்ள செடி மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். வெயிலில் காய்ந்ததும் நிழலில் காய்ந்ததும் ஒன்றல்ல. இன்னொரு காரணம் முக்கியமானது: பண்ணை சுத்தமாக இருந்தால், கிருமியின் தொல்லையே குறைவு என்பதால் மூலிகை விரட்டுவதற்கும் அங்கே அதிகம் இருக்காது.

அளவும் முறையும் இல்லாமல் எந்த மூலிகையும் மருந்தாகாது. தஞ்சாவூரில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி, மாட்டு மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்ந்த மருந்தை நாடெங்கும் கொண்டுபோனார். 250 கிராம் கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு என்று அளவு சொல்லிக் கொடுத்ததால்தான் எந்த ஊர்க்காரரும் அதைச் செய்ய முடிந்தது. கைப்பிடி, சிட்டிகை என்று கோழித் தீவனத்தில் போடாதே. மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டால், அதிகம் சோதிக்கப்பட்ட அளவுகளில் ஒன்று டன்னுக்கு 5 கிலோ. கூடினால் பலனும் கூடும் என்று நினைக்காதே. வேப்பிலை போன்ற கசப்புச் சரக்கு அதிகமானால் கோழி தீவனத்தையே குறைத்துக்கொள்ளும்.

இனிக் கொட்டகைக்குள் வரும் சிக்கல்கள். நாம் போடுவது குருணையும் பெல்லட்டும். அதன்மேல் தூளைத் தூவினால், கோழி பெல்லட்டைப் பொறுக்கிக்கொண்டு தூளைத் தட்டின் அடியில் விட்டுவிடும். தீவன ஆலையிலேயே கலந்தால் சீராகச் சேரும். ஆனால் பெல்லட் போடும் நீராவிச் சூட்டில் ஓமத்தின் வாசனை எண்ணெய் கொஞ்சம் பறந்துவிடும். கஷாயமாகத் தண்ணீரில் விட்டால் மண்டி, கோழி தண்ணீர் குடிக்கும் குழாயின் நிப்பிளை அடைக்கும். வெல்லம் சேர்த்தால் குழாயின் உள்ளே வழவழவென்று பாசி படியும், கிருமி அங்கே குடியேறும். மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டு. சில மணி நேரத்தில் தீரும் அளவே கலந்து, பிறகு வெறும் தண்ணீரால் குழாயை அலசிவிடு. தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளில் குளோரினும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம். உயிருள்ள தடுப்பு மருந்து அது.

வாங்கும் சரக்கிலும் கண் வை. நிறத்துக்காக மஞ்சளில் ஈயக் குரோமேட் கலப்பவர்கள் உண்டு. சரியாகக் காயாத இலைத்தூளில் பூஞ்சை இருக்கும். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்வது நல்லது. இலைப் படம் போட்ட பாக்கெட்டை யாராவது நீட்டினால், உள்ளே என்னென்ன, எவ்வளவு என்று கேள். பதில் எழுத்தில் இல்லையென்றால் வாங்காதே. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பரிசோதித்துத் தரும் ஆய்வகம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் மாதிரியைக் கொண்டுபோய்க் கொடு.

மூலிகை செய்யாத வேலை எது என்பதை என் கண் பார்த்த ஒன்றால் சொல்கிறேன். ஒரு பண்ணைக்காரர், நல்ல மனுஷர், வெள்ளைக்கழிச்சலுக்கு வேப்பிலைக் கஷாயமே போதும் என்று ஒரு பேட்சுக்கு லசோட்டா தடுப்பூசி போடாமல் விட்டுவிட்டார். நாலாவது வாரம் என்னைக் கூப்பிட்டபோது கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தன. நான் செய்வதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளைக்கழிச்சலை உண்டாக்கும் ராணிக்கெட் வைரஸுக்கும் கம்போரோ நோய்க்கும் தடுப்பூசிதான் காவல். அதை எந்த இலையும் ஈடு செய்யாது.

ரத்தக்கழிச்சலும் அப்படித்தான். அதை உண்டாக்கும் எய்மீரியா ஒட்டுண்ணியின் முட்டைகள், ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். நிப்பிள் ஒழுகித் தரையில் விரித்த நார்க்கழிவு சொதசொதவென்று கிடக்கும்போது, மேலே பூண்டு கொடுத்து என்ன பயன்? ஒழுகும் நிப்பிளை மாற்று, கூளத்தைக் கிளறிவிட்டுக் காயவை, பக்கத் திரையைத் திறந்து காற்று வரவிடு. முதல் வாரம் குஞ்சுகளை வெதுவெதுப்பாக வைக்கும் புரூடரில் சூடு சரியாக இருந்தாலே பாதிச் சீக்கு வராது. உண்மையிலேயே கிருமி நோய் வந்தால் மருத்துவரைக் கேட்டு ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தயங்காதே. சொன்ன நாள் வரை கொடு. பிறகு கறிக்கு விடுவதற்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டுமோ அத்தனை நாள் நிறுத்து. அந்தச் சமயத்தில் மிளகுக் கலவையைத் தள்ளி வை. மிளகிலுள்ள பைப்பரின் சில மருந்துகளைக் கல்லீரல் சிதைப்பதைத் தாமதப்படுத்தும்.

இன்னொன்று. உங்களுடையது ஒப்பந்தப் பண்ணை. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு நம்முடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குகிறோம். அதனால் அவர்களிடம் சொல்லாமல் தீவனத்தில் எதையும் கலக்காதே. சூப்பர்வைசரிடம் பேசி, எழுத்தில் அனுமதி வாங்கு. கேட்கும்போது, மூட்டையில் ஏற்கெனவே என்னென்ன கலந்திருக்கிறது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்.

அனுமதி கிடைத்தபின் ஊரார் சொல்வதைக் கேட்காதே, தராசைக் கேள். கொட்டகையில் ஒரு பகுதியைக் கம்பிவலையால் நான்கு அறையாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே நாள் குஞ்சுகள் 100 விடு. ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு அறைக்குச் சாதாத் தீவனம், இரண்டுக்கு மூலிகைத் தீவனம். போட்ட தீவனம், மிஞ்சிய தீவனம், செத்த கோழியின் எண்ணிக்கையும் எடையும், வாராவாரம் உயிர் எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுது.

ஓர் உதாரணக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சாதா அறையில் 98 கோழி மிஞ்சி மொத்தம் 196 கிலோ, தின்ற தீவனம் 333 கிலோ என்றால் எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம், 1.70. மூலிகை அறையில் 98 கோழி 200 கிலோ, தீவனம் 332 கிலோ என்றால் 1.66. வித்தியாசம் 0.04. இரண்டு கிலோக் கோழி 5,000 வளர்த்தால் இது 400 கிலோ தீவன மிச்சம். அதே 5,000 கோழி தின்னும் சுமார் 17 டன் தீவனத்துக்கு டன்னுக்கு 5 கிலோ வீதம் 85 கிலோ மஞ்சள் வேண்டும். 400 கிலோ தீவனத்தின் விலையையும் 85 கிலோ மஞ்சளின் விலையையும் அன்றைய ரேட்டில் எழுதிப் பார். லாபமா நஷ்டமா என்று அந்தத் தாளே சொல்லும். ஒரு பேட்சை வைத்து முடிவு கட்டாதே. வெயில் காலம், மழைக் காலம், பனிக் காலம் என்று மூன்று பேட்சாவது பார்.

மூலிகை நம் பாட்டிமார் விட்டுப்போன சொத்து. எடை போடாமல், எழுதி வைக்காமல் அதைப் புகழ்ந்துகொண்டே இருந்தால் அது நம்மோடு பொய்யாகிப் போகும். உன் நோட்டில் ஒரு வரியாவது உறுதியாக நின்றால், அடுத்த பண்ணைக்காரர் அதை வைத்து ஒரு ஆன்டிபயாட்டிக் மூட்டையைக் குறைப்பார்.

அடுத்த குஞ்சு இறக்குவதற்கு முன் நல்ல தராசு ஒன்று வாங்கிவிடு, கண்ணு. முதல் பேட்ச் பிடித்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உடுமலைக்கு வா. உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பெரியப்பா